பேணுதலும் பங்கிடுதலும்

பயன்தரும் ஒரு பொருள் நம் கைவசம் இருக்கிறது. அதனாலேயே அப்பொருளுக்கு நாம் ஏதேனும் கடன்பட்டவர்களாகிறோமா? மனிதருக்கு மனிதர் ஆற்ற வேண்டிய கடமைகளை மேடைதோறும் கேட்டிருக்கிறோம். வாயில்லா ஜீவன்களிடம் நடந்துகொள்ள வேண்டிய முறையையும் மார்க்கம் நமக்குக் கற்பித்திருக்கிறது. உயிரற்ற பொருளுக்கு? இரும்பும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த ஒரு பெட்டிக்கு? இக்கேள்வியை நாம் கிதாபுகளைப் புரட்டிக் கண்டெடுக்கவில்லை. நம் வீட்டுச் சமையற்கட்டின் மூலையில் நிற்கும் குளிர்சாதனப் பெட்டிதான், சில ஆண்டுகளுக்கு முன் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய மாலையில், இதை நம் முன் எழுப்பிற்று.

நமதூர் பாபநாசத்தை அடுத்தது. மறுநாள் குர்பானி, இறைச்சி வைக்க இடம் வேண்டும். பெட்டியின் மேலறையைத் திறந்தால் நான்கு விரற்கடை கனத்துக்குப் பனி இறுகிக் கிடந்தது. மின்சாரத்தை நிறுத்திக் கதவைத் திறந்து வைத்தால் சில மணி நேரத்தில் தானே உருகி வழிந்திருக்கும். அந்தச் சில மணி நேரத்துக்கு நமக்குப் பொறுமை இல்லை. கைக்கு எட்டிய கத்தியை எடுத்துப் பனியைக் குத்திப் பெயர்க்கத் தொடங்கினோம். நாலைந்து கட்டிகள் விழுந்தன. அடுத்த குத்தில் ‘உஸ்’ஸென்று நீண்டதோர் ஓசை. பாம்பென்று எண்ணிப் பிள்ளைகள் கூடத்துக்கு ஓடினர். கத்திமுனை அலுமினியத் தகட்டைத் துளைத்துவிட்டது. பெட்டிக்கு உயிரான வாயு நம் கண்முன்னே வெளியேறிக்கொண்டிருந்தது.

இவ்வளவில் முடிந்திருந்தால் இக்கட்டுரைக்கு அவசியமே நேர்ந்திராது. பெயர்ந்து விழுந்த கடைசிப் பனிக்கட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. பைக்குள் கல்லாய் உறைந்த இறைச்சி. மேலே சுற்றியிருந்த துண்டுக் காகிதத்தில் நம் இல்லாளின் கையெழுத்தில் ஒரு பெயர். அது நம் தெருக்கோடியில் தனியே வாழும் மூதாட்டி ஒருவருடைய பெயர். கணவரை இழந்து பல்லாண்டு ஆனவர். சென்ற பெருநாளன்று அவர் வீடு பூட்டியிருந்தது. வந்ததும் கொடுத்துக்கொள்ளலாம் என்று அவர் பங்கை உள்ளே வைத்தோம். அவர் வந்தார். அவர் வாசலை நாம் நாள்தோறும் கடந்து சென்றோம். ஐவேளைத் தொழுகைக்கும் அவ்வழியேதான் போனோம். ஓராண்டு உருண்டோடிவிட்டது.

பெருநாள் காலையாக இருந்தும், அழைத்தவுடன் கும்பகோணத்திலிருந்து மெக்கானிக் ஒருவர் வந்தார். இளைஞர், பேச்சில் சிக்கனமானவர். பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “உடனே பிளக்கைப் பிடுங்கினீங்களே, அது நல்லது பாய். ஓடவிட்டிருந்தா காத்தையும் ஈரத்தையும் உள்ளே இழுத்துக் கம்ப்ரஸரும் போயிருக்கும்” என்றார். பிறகு, கேட்காமலே ஒரு வார்த்தை சொன்னார்: “வயசாகிச் செத்த பெட்டி ரொம்பக் கொஞ்சம் பாய். பாதி கத்தியாலே சாகுது. மீதி கரண்டாலே சாகுது.” இரண்டு நாள் கழித்து வந்து ஓட்டையை அடைத்தார். குழாயிலிருந்த காற்றையும் ஈரத்தையும் இயந்திரம் வைத்து உறிஞ்சி எடுத்து, வடிகட்டியை மாற்றி, புதிதாக வாயு நிரப்பினார். ஒட்டுப் போட்டது எத்தனை நாளைக்கென்று தாம் உறுதி கூற முடியாதென்றும் சொன்னார். அந்தப் பெட்டி இன்றும் ஓடுகிறது.

அவர் வேலை செய்துகொண்டிருக்கையில் நாம் ஒன்றைத் தெரிந்துகொண்டோம். இந்தப் பெட்டி குளிரை உண்டாக்குகிறது என்றே நாம் இதுகாறும் எண்ணியிருந்தோம். உண்மை அதுவன்று. அது உள்ளிருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது; அவ்வளவே. உள்ளே குழாயில் ஆவியாகும் வாயு, பண்டங்களின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரஸர் அதை அழுத்திப் பின்புறக் கம்பி வலைக்கு அனுப்ப, அங்கே சூட்டை விட்டுவிட்டு அது மீண்டும் திரவமாகி உள்ளே வருகிறது. இரவும் பகலும் நடக்கும் இந்தச் சுமைகூலி வேலைக்கு வெளியேறும் வழி திறந்திருக்க வேண்டும். அவ்வழியை அடைப்பவர்கள் நாமே. சுவரோடு ஒட்டி நிறுத்துகிறோம். பெட்டியின் தலையில் அரிசிச் சாக்கையும் பழைய செய்தித்தாள் கட்டையும் ஏற்றுகிறோம். பின்னலிட்ட உறை ஒன்றைத் தைத்துப் போர்த்தியும் விடுகிறோம். நம் வீட்டு மெக்கானிக் கம்பி வலையிலிருந்து வழித்தெடுத்த தூசி ஒரு முறம் தேறும். தை மாசியில் சம்பா அறுவடையாகும் நாட்களில் காற்றெல்லாம் வைக்கோல் தூசி என்பதைக் காவிரிப் படுகையில் வாழ்வோருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அதோடு அடுப்பங்கரைத் தாளிப்புப் புகையின் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் அது கம்பளிபோல் படிந்துவிடுகிறது. கம்பளி போர்த்தியவனை வெயிலில் மூட்டை சுமக்கச் சொன்னால் அவன் எத்தனை நாள் சுமப்பான்?

இப்போது நாம் எழுப்பிய கேள்விக்கு வருவோம். பொருளுக்கு நாம் கடன்பட்டவர்களா? பொருளுக்கு உணர்வில்லை, அதற்கு நோவதில்லை. எனவே அதற்கென்று தனியே ஓர் உரிமை இல்லை என்று தர்க்கம் செய்வோர் செய்யலாம். ஆனால் அப்பொருளால் வரும் பயன், நம் ஒருவருக்கு மட்டுமே உரியதாய் எப்போது இருந்தது? நமக்கு வாய்த்த எதுவும் அமானிதம் என்று நாம் நம்புகிறோம். அமானிதமாய்ப் பெற்ற ஒன்றைத் திருப்பிக் கொடுக்கையில் அது எந்நிலையில் இருக்கிறது என்ற கேள்வி உடன் வருகிறது. அக்கேள்வியைக் கேட்பது பெட்டியல்ல; பெட்டியைத் தந்தவன்.

நம் சட்ட அறிஞர்கள் வக்ஃபைப் பற்றி வகுத்துள்ள ஒரு விதி இங்கே நினைவுக்கு வருகிறது. வக்ஃபுச் சொத்தின் வருமானத்தில் முதற்செலவு அச்சொத்தின் பராமரிப்புக்கே என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. வக்ஃபு செய்தவர் அதைத் தம் ஆவணத்தில் எழுதாமற் போயிருந்தாலும் அப்படித்தான். ஏழைகளுக்குப் பங்கு அதற்குப் பின்னரே. மேலோட்டமாகப் பார்த்தால் இது கல்நெஞ்சம்போல் தோன்றும். பசித்தவனுக்குக் கொடுக்காமல் கூரைக்கு ஓடு மாற்றுவதா? ஆனால் கூரை இடிந்தால் அடுத்த ஆண்டின் பசித்தவனுக்கும் அதற்கடுத்த ஆண்டின் பசித்தவனுக்கும் ஒன்றுமே இராது. இன்னும் பிறவாத ஓர் ஏழைக்கு நாம் தரும் பங்கே ஓடு மாற்றும் கூலி. பராமரிப்பென்பது காலத்தைக் கடந்து செல்லும் ஒரு ஸதகா என்று இதிலிருந்து நாம் விளங்கிக்கொள்கிறோம்.

தஞ்சைத் தரணி இதை அறியாத மண்ணன்று. ‘மராமத்து’ என்ற சொல் அரபு மூலத்திலிருந்து பார்ஸி, உருது வழியே நம் தமிழுக்கு வந்தது. ‘குடி’ தமிழ், ‘மராமத்து’ அரபு. இரண்டும் கைகோத்து ‘குடிமராமத்து’ என்றானபோது, மேட்டூரில் நீர் திறக்குமுன் ஊரே கூடி வாய்க்காலைத் தூர்வாரும் வழக்கத்துக்குப் பெயராயிற்று. வாய்க்கால் யாருடையது என்று எவரும் கேட்டதில்லை. மேல்மடைக்காரன் தன் பங்கு வாய்க்காலில் சேற்றை அள்ளாமல் விட்டால் கடைமடைக்காரனின் நாற்று கருகும். பெரிய வீடுகளில் நின்ற பத்தாயங்களையும் எண்ணிப் பாருங்கள். நெல் காலியானதும் உள்ளே இறங்கிப் பெருக்கித் துடைத்து, வேப்பிலையும் நொச்சியிலையும் போட்டு, அடுத்த போகத்துக்கு ஆயத்தம் செய்யாத வீடுண்டா? பாட்டன் செய்த பத்தாயத்தில் பேரன் நெல் கொட்டினான். அதே பேரனின் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி பத்தாண்டு நிற்பதில்லை. ஆண்டுக்கொரு முறை பத்தாயத்துக்குள் இறங்கியவர்கள், பெட்டியின் பின்னால் ஒரு முறைகூட எட்டிப் பார்ப்பதில்லை.

அதற்கொரு காரணத்தை நாம் சொன்னால் சிலருக்குக் கசக்கும். பெட்டி எப்படி வீட்டுக்குள் வந்தது? நம்மவர் வீடுகள் பலவற்றில் அது மருமகளோடு சீராக வந்தது. கைக்கூலி வாங்கமாட்டோம் என்று ஜமாஅத்தில் கையெழுத்திட்டவர்கள்கூட, பெட்டியும் கட்டிலும் பெண்வீட்டாரின் ‘விருப்பம்’ என்று சொல்லி வாங்கிக்கொள்கிறார்கள். உழைத்து வாங்காத பொருளின் பின்புறத்தை யார் துடைப்பார்கள்? அந்தப் பெட்டிக்காகப் பெண்ணின் அத்தா எவரிடம் கடன் பட்டார் என்பது கதவின் பளபளப்பில் தெரிவதில்லை.

பேணும் முறை ஒன்றும் பெரிய வித்தையன்று. ஆண்டுக்கு இருமுறை, அறுவடை முடிந்த கையோடு ஒரு தடவையும் மழைக்காலம் கழிந்ததும் ஒரு தடவையும், பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்வலையை மெல்லிய தூரிகையால் தட்டித் துடைத்தால் போதும். இப்போது வரும் பெட்டிகள் சிலவற்றில் பின்வலை கண்ணுக்குத் தெரியாது. பக்கவாட்டுத் தகட்டுக்குள்ளேயே பதித்திருப்பார்கள். பக்கம் சுடுகிறதே, கெட்டுவிட்டதோ என்று அஞ்ச வேண்டாம். சூடு வெளியேறும் வழி அது. அங்கே இடைவெளி விட வேண்டும், அவ்வளவுதான்.

கதவோரத்து ரப்பரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பெட்டியின் ஆயுள் பாதி அதில்தான் இருக்கிறது. அதனுள் காந்தப்பட்டை ஓடுகிறது. அதுவே கதவைக் கவ்விப் பிடிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் பகுதியின் ஈரக்காற்றுக்கு அதன் மடிப்புகளில் கருநிறப் பூஞ்சணம் பூத்துவிடும். மாதம் ஒரு முறை வெதுவெதுப்பான சோப்பு நீரில் துணியை நனைத்து மடிப்பெல்லாம் துடைத்து, உலரவிட வேண்டும். ஒரு ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாய் வந்தால் ரப்பர் நலம். வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே காற்று புகுகிறது. புகும் காற்றோடு ஈரமும் புகுந்து, அதுவே மேலறையில் பனியாய்ப் படிகிறது. நாம் கத்தியால் குத்திய பனியும் அப்படி வந்ததுதான். நூறுகளில் முடியும் ரப்பரை மாற்றாமல் விட்டு ஆயிரங்களை இழந்தோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, குளிர்சாதனப் பெட்டி விற்பவர்கள் அந்த மாதிரி கடைசியாகச் சந்தைக்கு வந்ததிலிருந்து பத்தாண்டுகள் கதவு ரப்பரைக் கிடைக்கச் செய்ய வேண்டும். வேறு பல உதிரிப் பாகங்களுக்கு ஏழாண்டுதான். சட்டம் செய்தவர்களில் யாரோ ஒருவர் தம் வீட்டு ரப்பரைத் தாமே துடைத்தவராக இருந்திருக்க வேண்டும்.

பின்னால் கம்ப்ரஸருக்கு மேல் ஒரு சிறு தட்டு இருக்கும். உருகிய நீர் அதில்தான் வந்து விழுகிறது. டெங்குவைப் பரப்பும் கொசு தெளிந்த நீரில் முட்டையிடுவது. சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வரும்போது பூந்தொட்டியோடு இந்தத் தட்டையும் பார்ப்பது அதனால்தான். வாரம் ஒரு முறை அதைக் கொட்டித் துடைப்பது பெட்டிக்கு மட்டுமன்றி அண்டை வீட்டுக் குழந்தைக்கும் செய்யும் நன்மை.

மெக்கானிக் சொன்ன அடுத்த எமன் கரண்ட். பம்புசெட்டுகள் ஒருசேர ஓடும் நேரத்தில் கிராமத்து மின்விளக்குகள் மங்குவதை நாம் அறிவோம். அந்தத் தாழ்ந்த அழுத்தத்தில் புறப்பட முயலும் கம்ப்ரஸர் முனகிச் சூடேறுகிறது. ஸ்டெபிலைசருக்குக் கொடுக்கும் காசு வீணன்று. மின்சாரம் போனதும் பிளக்கை எடுத்துவிட்டு, வந்தபின் ஐந்து நிமிடம் கழித்துச் செருகுவது நல்லது. உள்ளிருக்கும் அழுத்தம் சமனாகாமல் கம்ப்ரஸர் புறப்பட முடியாது. 2012-இல் நாளெல்லாம் மின்வெட்டு நிகழ்ந்த காலத்தில் இதைக் கற்றவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு செய்தி: பெட்டி ஓடவில்லை என்றவுடன் கம்ப்ரஸர் போய்விட்டதென்று எண்ணிப் புதிது வாங்கக் கிளம்ப வேண்டாம். அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ரிலே என்ற சிறு பாகம் பழுதானாலும் பெட்டி அதேபோல் ஊமையாகும். அதை மாற்ற ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுதான். ஆனால் வாயு சம்பந்தப்பட்ட வேலையைத் தெரிந்தவரிடமே விட வேண்டும். இன்றைய பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஐசோபியூட்டேன்; தீப்பற்றக் கூடியது. நம்மைப்போல் ஓட்டை போட்டுவிட்டால் ஜன்னலைத் திறந்து, அடுப்பை அணைத்து, எந்தச் சுவிட்சையும் தொடாமல் விலகிவிடுங்கள்.

வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் குடும்பத்தோடு சென்றுவிட்டு, ஊரில் பெரிய வீட்டைப் பூட்டிவைத்திருப்போர் பலர். அவ்வீடுகளில் கதவு சாத்திய பெட்டி மாதக்கணக்கில் இருளில் புழுங்குகிறது. காலி செய்து, உலரத் துடைத்து, கதவைச் சிறிது திறந்து கட்டை கொடுத்துவிட்டுப் புறப்பட்டால் திரும்பி வருகையில் வீச்சம் இராது.

இங்கே ஒரு தடை எழும். பழையதைப் பிடித்துத் தொங்குவது கஞ்சத்தனம் ஆகாதா? பழைய பெட்டி கூடுதல் மின்சாரம் குடிக்கிறதே, அதுவும் விரயமன்றோ? கேள்வி நியாயமானது. பேணுதல் பழமையைத் தொழுவதாகிவிடக் கூடாது. ஒரு காலத்துப் பெட்டிகளில் இருந்த சி.எஃப்.சி. வாயு, பூமிக்குக் குடையான ஓசோன் படலத்தை அரிப்பதாக 1974-இல் மொலினா, ரோலண்ட் என்னும் இரு விஞ்ஞானிகள் எடுத்துரைத்தனர். 1987-இல் மாண்ட்ரியலில் உலக நாடுகள் உடன்பாடு கண்டன. இந்தியாவும் 2010-க்குள் அவ்வாயுவைக் கைவிட்டது. நம் சமையற்கட்டில் நாம் பெற்ற குளிர்ச்சிக்கு, தென்துருவத்துக்கு மேலே வானம் விலை கொடுத்தது. ஆகவே தகடு அரித்து, வாயு நிற்காமல் கசிந்து, கம்ப்ரஸர் ஓயாமல் ஓடுகிற நிலை வந்தால் பெட்டிக்கு விடை கொடுப்பதே முறை. ஆனால் விடை கொடுக்கும் விதம் ஒன்றுண்டு. தெருவில் தராசோடு வருபவரிடம் போட்டால், அவர் செய்யும் முதற்காரியம் செம்புக் குழாயை வெட்டி எடுப்பது. உள்ளிருந்த வாயு அக்கணமே காற்றில் கலக்கிறது. மின்கழிவுக்கென 2011-இல் இயற்றிய விதிகள் குளிர்சாதனப் பெட்டியையும் உட்படுத்தின; 2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த புதிய விதிகளும் அதை உட்படுத்துகின்றன. தயாரித்தவருக்கே அதில் பொறுப்புண்டு. அரசின் பதிவு பெற்றவரிடம் அது சேர்கிறதா என்று கேட்டறிவது நம் பொறுப்பு. ஓடும் நிலையில் உள்ள பெட்டியை, கதவின் நிறம் பிடிக்கவில்லை என்று மாற்றுகிறவர்களிடம் மின்சாரச் சிக்கனத்தைப் பற்றி நாம் வாதாட விரும்பவில்லை.

மெக்கானிக் சொன்னவை எல்லாவற்றிலும் நம்மை உறுத்தியது வேறொன்று. “இவ்வளவு திணிச்சா உள்ளே காத்து எப்படிப் போகும் பாய்?” என்று கேட்டார். கீழறையில் குளிர்ந்த காற்று சுற்றிவர வேண்டும். சுவரோடு சுவராகப் பாத்திரங்களை அடுக்கினால் ஒருபுறம் உறையும், மறுபுறம் புளிக்கும். கம்ப்ரஸர் ஓய்வின்றி ஓடும். கொதிக்கக் கொதிக்கப் பிரியாணிச் சட்டியை உள்ளே வைப்பதும் அப்படியே. அதற்காக ஆறட்டும் என்று இரவெல்லாம் வெளியே விடுவதும் தவறு. நம்மூர்ச் சூட்டில் சமைத்த சோற்றை ஒரு மணி நேரத்துக்குமேல் வைத்திருப்பது நல்லதன்று. அகன்ற தட்டுகளில் பரப்பி விரைவில் ஆறவைத்து, சிறு பாத்திரங்களில் வைக்கலாம். அதைவிட எளிய வழியும் உண்டு. அந்தப் பாத்திரத்தில் ஒன்று அடுத்த வீட்டுக்குப் போகலாம்.

குர்பானி இறைச்சியைப் பற்றி நமக்கெல்லாம் தெரிந்த ஒரு வரலாறு உண்டு. ஓராண்டில், மூன்று நாட்களுக்குமேல் அதைச் சேமித்து வைக்க வேண்டாம் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பிறகு உண்ணவும் கொடுக்கவும் சேமிக்கவும் அனுமதித்தார்கள். வறுமையுற்ற பாலைவனவாசிகள் அவ்வாண்டு மதீனாவுக்கு வந்திருந்ததே தடைக்குக் காரணம் என்று பின்னர் விளக்கமும் தந்தார்கள். இவ்வரலாற்றை நாம் பலமுறை கேட்டிருந்தும், கையில் அந்தப் பனிப்பையோடு நின்றபோதுதான் அதன் உட்பொருள் தைத்தது. சேமிப்புக்கு எல்லை வகுத்தது இறைச்சி கெடும் காலமன்று. மூன்று நாளில் இறைச்சி வெயிலில் காயத்தான் செய்யும்; அன்று அதைக் காயவைத்து உண்ணவும் தெரிந்திருந்தார்கள். எல்லையை வகுத்தது ஊருக்கு வந்திருந்தவர்களின் பசி. இன்று பெட்டி வந்து, கெடும் காலத்தை மாதக்கணக்காய் நீட்டிவிட்டது. பசியின் எல்லையை அது நகர்த்தியதா?

முன்னோரெல்லாம் கொடையாளிகள், நாம்தான் கெட்டுவிட்டோம் என்று எழுதுவது எளிது; நாம் அப்படிச் சொல்ல வரவில்லை. நம் பாட்டியார் குர்பானி இறைச்சியில் மஞ்சளும் உப்பும் தடவி, நூலில் கோத்து, உப்புக்கண்டம் போட்டவர்தாம். அதுவும் சேமிப்பே. ஆனால் உப்புக்கண்டம் முற்றத்துக் கொடியில், ஊரார் கண்முன், காக்கை பார்க்கக் காய்ந்தது. யார் வீட்டில் எவ்வளவு இருக்கிறதென்று தெருவுக்கே தெரியும். கேட்க வேண்டியவர் உரிமையோடு கேட்பார். பெட்டிக்கு வெள்ளைக் கதவு ஒன்றிருக்கிறது. அது மூடினால் உள்ளே விளக்கும் அணைந்துவிடுகிறது.

சென்னையிலே ஐஸ் ஹவுஸ் என்றால் திருவல்லிக்கேணி நம்மவர்கள் அனைவருக்கும் தெரியும். இன்று அக்கட்டடம் விவேகானந்தர் இல்லம். 1842-இல் அதைக் கட்டியது பனிக்கட்டியைச் சேமித்து வைக்க. ஃபிரெடரிக் டியூடர் என்ற அமெரிக்க வணிகர், தம் நாட்டு ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய பனியை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றினார். 1833-இல் முதற்கப்பல் கல்கத்தாவை அடைந்தது. மாதக்கணக்கில் கடலைக் கடந்து வந்த அந்தக் குளிர், வழியெல்லாம் உருகிக்கொண்டே வந்தது. உருகுவதைப் பதுக்க இயலாது. விற்க வேண்டும், கொடுக்க வேண்டும், அல்லது இழக்க வேண்டும். நம் தெருவுக்கு முதல் பெட்டி, மலேசியாவிலிருந்து திரும்பிய ஒருவர் வீட்டுக்கு வந்த காலத்தில் அதுவும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. நோன்பு திறக்கும் நேரத்தில் நன்னாரி சர்பத்துக்கு ஐஸ் வாங்கப் பிள்ளைகள் கிண்ணத்தோடு வரிசையில் நிற்போம். யாருக்கேனும் காய்ச்சல் என்றால் நெற்றிக்கு வைக்கும் கட்டி அங்கிருந்தே வரும். சர்க்கரை நோயாளிகளின் இன்சுலின் குப்பிகள் அவ்வீட்டுக் கதவுத் தட்டில் பெயரெழுதி நின்றன. அவ்வளவு பேருக்காகத் திறந்து திறந்து மூடிய கதவு சீக்கிரம் கெட்டிருக்க வேண்டும், நியாயப்படி அப்படித்தான். அது ஏறத்தாழ முப்பதாண்டு ஓடிற்று. வீட்டுக்கார அம்மையார் வெள்ளிதோறும் அதைத் துடைப்பார். பிறர் மருந்து உள்ளே இருக்கிறதே என்ற அச்சம் அவருக்கு.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் நன்றியைப் பற்றிப் பேசுகையில், ஒரு பொருளை அது படைக்கப்பட்ட நோக்கத்தில் பயன்படுத்துவதே அதற்கான நன்றி என்கிறார்கள். தேவையின்றி மரக்கிளையை ஒடிப்பதும் நன்றிகேடு. பொன்னையும் வெள்ளியையும் பூட்டி வைப்பவன், மக்களிடையே தீர்ப்பளிக்க வேண்டிய ஆட்சியாளனைச் சிறையில் அடைத்தவனைப் போன்றவன் என்றும் விளக்குகிறார்கள். இறைச்சிப் பையொன்றை ஓராண்டு சிறை வைத்த நமக்கு இந்த உவமை அயலாகத் தோன்றவில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தருகே கரையேறி, திருவாரூர், பட்டுக்கோட்டை வழியாகத் தென்னைகளையும் மின்கம்பங்களையும் சாய்த்துக்கொண்டு போனதை டெல்டா மறக்காது. முத்துப்பேட்டைப் பக்கத்து நம் உறவினர் வீட்டில் மின்சாரம் திரும்ப வாரங்கள் ஆயின. திறக்காமல் விட்டால் கீழறை நான்கு மணி நேரம், நிறைந்த உறையறை இரண்டு நாள் குளிர் தாங்கும் என்பார்கள். அதற்குப் பின்? இரண்டாம் நாள் மாலை, அத்தெருவில் ஒவ்வொரு பெட்டியும் திறந்தது. யார் வீட்டில் என்ன இருந்ததென்று அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. மீன், கோழி, பால், அரைத்த மாவு எல்லாம் வெளியே வந்தன. விழுந்த தென்னையின் மட்டையை எரித்து, பள்ளிவாசல் முற்றத்தில் பெரிய தேக்சாக்களில் சமைத்தார்கள். கூரையிழந்த அக்கம்பக்கத்துக் குடிசைவாசிகள், இன்ன மதத்தார் என்ற வேறுபாடின்றி வந்து உண்டார்கள். இன்சுலினை மட்டும், ஈர மணலில் புதைத்த மண்பானைக்குள் வைத்துக் காப்பாற்றினார்கள். மின்சாரம் வந்த அன்று ஏறியும் இறங்கியும் வந்தது. பிளக்கை எடுத்து வைக்காதவர்களின் கம்ப்ரஸர்கள் சில கருகின. எடுத்து வைத்திருந்தவர்களின் பெட்டிகள், துடைத்த வெற்று அறைகளோடு, மறுபடி ஓடத் தொடங்கின. அவ்வளவு சுத்தமாக அவை வாங்கிய நாளில்கூட இருந்திருக்காது என்று உறவினர் சொன்னார்.

நம் வீட்டுப் பெருநாளைச் சொல்லி முடிக்கவில்லை. பெட்டி செத்துக் கிடந்ததால் அவ்வாண்டு இறைச்சியை வைக்க இடமில்லை. அஸருக்குள் எல்லாப் பங்கும் வீட்டைவிட்டுப் போயாக வேண்டும். முதற்பங்கை எடுத்துக்கொண்டு நாமே தெருக்கோடிக்குப் போனோம். பழைய பையை என்ன செய்வதென்று இரவெல்லாம் யோசித்தும் விளங்காமல், விடியலில் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்திருந்தோம். மூதாட்டி திண்ணையில் அமர்ந்திருந்தார். இரு கைகளாலும் பாத்திரத்தை வாங்கி, பிஸ்மில்லாஹ் சொல்லி உள்ளே வைத்துவிட்டு வந்து, துஆ செய்தார். பிறகு சொன்னார்: “போன பெருநாளைக்கு நான் மக வீட்டுக்குப் போயிட்டேன் தம்பி. என் பங்கை வச்சிக்கிட்டு நீங்க தேடியிருப்பீங்க.”

நாம் சற்று நேரம் அங்கேயே நின்றோம்.